சிறகு சொன்னதும் செவி சொன்னதும்

பதினெட்டாம் நூற்றாண்டு இலண்டனில் டுரு டுரூரி என்றொரு வெள்ளி வணிகர் இருந்தார். தொழில் வெள்ளி; பித்து பூச்சி. கடலோடிகள் எவர் அகப்பட்டாலும் சொல்லிவைத்து, தூர தேசத்துப் பூச்சிகளைத் தருவித்துக்கொண்டே இருந்தார். ஒருமுறை ஹாம்பர்க் நகரக் கப்பல் தலைவர் ஒருவர் மூலம் அவர் கைக்கு ஒன்று வந்துசேர்ந்தது. கரிய சிறகு, அதன் குறுக்கே பச்சைக் கோடுகள், பின்சிறகில் செம்பும் பொன்னும் ஊதாவும் குழைந்த தணல், ஓரத்தில் வெண்குஞ்சம் கட்டிய வால்கள். இதைப் பட்டாம்பூச்சி என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? 1773இல் வெளியிட்ட தம் நூலில் டுரூரி அதற்குப் ‘பபிலியோ ரைஃபியஸ்’ என்று பெயர் வைத்தார். பபிலியோ என்பது நம் வீட்டுக் கறிவேப்பிலைச் செடியில் முட்டையிட வரும் வால்சிறகுப் பட்டாம்பூச்சிகளின் பேரினம்.

பெயரிலும் பிழை, ஊரிலும் பிழை. சீனத்திலிருந்தோ வங்கத்திலிருந்தோ வந்தது என்று சொல்லப்பட்ட அந்தப் பூச்சி மடகாஸ்கர் தீவைத் தவிர வேறெங்கும் இல்லாதது. அது பட்டாம்பூச்சியும் அல்ல, அந்துப்பூச்சி. இன்று அதன் பெயர் கிரைசிரிடியா ரைஃபியஸ்.

டுரூரியைக் குறை சொல்லிப் பயனில்லை. உயிர்களுக்குப் பெயர் சூட்டும் முறையையே வகுத்த லின்னேயஸ், 1758இல் தென்னமெரிக்காவின் யுரேனியா லைலஸை இதே போலப் பபிலியோவில்தான் சேர்த்தார். இருவர் கண்ணையும் ஏமாற்றிய இந்தப் பூச்சிகள் சேர்ந்த குடும்பத்துக்கு யுரேனிடே என்று பெயர். வெப்பமண்டலம் முழுவதும் பரவிய ஏறத்தாழ 700 இனங்கள் கொண்டது. இதன் வகைப்பாட்டு வரலாற்றைப் புரட்டினால் ஒன்று விளங்கும். சிறகைப் பார்த்து முடிவு செய்தவர்கள் திரும்பத் திரும்ப வழுக்கி விழுந்திருக்கிறார்கள். உறவைச் சரியாகக் காட்டிக்கொடுத்தவை கண்ணுக்கு எளிதில் படாத இரண்டு: பூச்சியின் காது, புழுவின் நாக்கு.

தமிழில் நாம் இந்தப் பிரிவினையை விளக்கை வைத்தே செய்துவிடுகிறோம். பகலில் பூவுக்கு வருவது பட்டாம்பூச்சி, இரவில் விளக்குக்கு வருவது விட்டில், அரிசிப் பானையில் பறப்பது அந்து. பள்ளிப் பாடநூல் இன்னும் கொஞ்சம் சேர்க்கும்: பட்டாம்பூச்சியின் உணர்கொம்பு நுனியில் குமிழ் இருக்கும், உட்காரும்போது சிறகை முதுகுக்கு மேல் கூப்பும், அந்துப்பூச்சி சிறகை விரித்தோ கூரைபோல் சாய்த்தோ வைக்கும். மடகாஸ்கர் பூச்சி இந்த இலக்கணத்தை ஏறக்குறைய முழுதும் மீறுகிறது. வெயிலில் பறக்கிறது, பூவில் தேன் குடிக்கிறது, உட்கார்ந்தால் சிறகைக் கூப்புகிறது. நுனிக் குமிழ் இல்லாத உணர்கொம்பு ஒன்றுதான் மேலோட்டமாகத் தெரியும் சாட்சி.

உறுதியான சாட்சி வயிற்றில் இருக்கிறது. வௌவால்களின் மீயொலியைக் கேட்பதற்காக அந்துப்பூச்சிகளில் பல குடும்பங்கள் தனித்தனியே காது வளர்த்துக்கொண்டிருக்கின்றன. இடம்தான் குடும்பத்துக்குக் குடும்பம் வேறு. பருத்திக் காய்ப்புழு சேர்ந்த கூட்டத்துக்கு மார்பின் பின்புறம். பருந்துப் பூச்சிகள் சிலவற்றுக்கு வாயருகே. நெல் குருத்துப்புழு சேர்ந்த கூட்டத்துக்கு வயிற்றடியில். மெல்லிய சவ்வு, அதன் பின்னால் காற்றறை, உள்ளே சில நரம்புச் செல்கள், அவ்வளவுதான் கருவி. யுரேனிடே குடும்பத்திலும் காது வயிற்றின் தொடக்கத்தில்தான். ஆனால் ஒரு விசித்திரம் உண்டு. பெண்ணுக்கு அது வயிற்றின் இரண்டாம் கண்டத்தின் அடிப்புறத்தில். ஆணுக்கோ பக்கவாட்டில், இரண்டாம் மூன்றாம் கண்டங்கள் கூடும் இடத்தில். ஓரினத்து ஆணும் பெண்ணும் வெவ்வேறு இடத்தில் காது வைத்துக்கொண்டிருக்கின்றன!

பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஜோயல் மினே போன்றவர்கள் இந்தக் காதுகளை நுண்ணோக்கியில் வைத்து ஆராய்ந்தபின் குடும்பத்தின் எல்லை தெளிவானது. உள்ளங்கை அகலத்துக்கு மின்னும் மடகாஸ்கர் பூச்சியும், சுண்டுவிரல் நகத்தளவு மங்கிய சாம்பல் பூச்சி ஒன்றும் உறவு என்று எவரும் கனவிலும் எண்ணியிருக்கமாட்டார்கள். இரண்டுக்கும் அதே ஆண் காது, அதே பெண் காது.

அந்தச் சாம்பல் பூச்சிகள்தான் உண்மையில் இந்தக் குடும்பத்தின் பெரும்பான்மை. எபிப்ளெமினே என்ற துணைக்குடும்பத்தில் அடங்கும் அவை விளக்கடியில் உட்காரும் தோரணையே தனி. முன்சிறகைப் பீடி சுற்றுவதுபோலச் சுருட்டிப் பக்கவாட்டில் நீட்டிக்கொள்ளும். பின்சிறகை உடலோடு ஒட்டி மடித்துவைக்கும். பார்ப்பவர் கண்ணுக்குப் பூச்சியாகவே தெரியாது, முறிந்த சுள்ளியாகத்தான் தெரியும். நெடுங்காலம் இவற்றைத் தனிக் குடும்பமாகவே வைத்திருந்தார்கள்.

அப்படி வைத்தவர்களில் ஒருவருக்குத் தமிழ்நாட்டோடு தொடர்பு உண்டு. ஜார்ஜ் ஹாம்ப்சன் தேயிலை பயிரிட நீலகிரிக்கு வந்த ஆங்கிலேயர். மலையின் பூச்சிகள் அவரை வேறு பக்கம் இழுத்துவிட்டன. நாடு திரும்பி இலண்டன் அருங்காட்சியகத்தில் சேர்ந்து, 1891இல் நீலகிரி மாவட்டத்தின் அந்துப்பூச்சிகளைப் பற்றியும், 1893இல் இலங்கையின் அந்துப்பூச்சிகளைப் பற்றியும் நூல்கள் எழுதினார். கூடவே 1892 முதல் 1896 வரை பிரிட்டிஷ் இந்தியாவின் அந்துப்பூச்சிகள் பற்றி நான்கு தொகுதிகள். அவற்றின் மூன்றாம் தொகுதியில் யுரேனிடேவும் எபிப்ளெமிடேவும் இரு வேறு குடும்பங்கள். சிறகின் நரம்போட்டமே அன்றைக்கு வகைப்பாட்டின் முதல் கருவி. அதைக் கொண்டு அவர் செய்தது குறைந்த வேலையல்ல. இன்றும் தென்னிந்திய அந்துப்பூச்சி ஒன்றை அடையாளம் காண முனைபவர் ஹாம்ப்சனைத் தாண்டிப் போகமுடியாது.

மற்றொரு துணைக்குடும்பமான மைக்ரோனினே நமக்கு இன்னும் நெருக்கம். மைக்ரோனியா அக்குலியேட்டா என்ற வெள்ளைப் பூச்சி இந்தியாவிலும் இலங்கையிலும் தென்கிழக்காசியாவிலும் இருக்கிறது. பால் வெள்ளையில் சாம்பல் கோடுகள், பின்சிறகு முனையில் சிறு வால், வாலருகே கரும்புள்ளி. கோடுகளெல்லாம் அந்த வாலை நோக்கி ஓடுவதால் அந்த முனையே தலைபோலத் தோன்றும். பறவை கொத்தினால் பொய்த் தலை போகும், பூச்சி பிழைக்கும் என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். இத்துணைக்குடும்பத்தின் புழுக்கள் எருக்கு சேர்ந்த பால்கொடிக் குடும்பத்தைச் சார்ந்து வாழ்பவை. ஆசெயினே என்ற இன்னொரு துணைக்குடும்பம் ஆசிய, ஆஸ்திரேலியப் பகுதியின் சிறு கூட்டம். அதைப் பெயரோடு விட்டுவிடலாம்.

இந்தக் குடும்பத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் கதையும் உண்டு. அமெரிக்க வெப்பமண்டலத்தின் செமட்டுரா பூச்சிகள் பெரிய பழுப்புச் சிறகும் வாலுமாக யுரேனிடேவின் இரவாடிகளை அச்சில் வார்த்தது போலிருக்கும். ஆனால் அவற்றின் வயிற்றில் காதே இல்லை. தனிக் குடும்பமாகப் பிரிக்கப்பட்ட அவற்றுக்கு ஏறத்தாழ 40 இனங்கள். ஒன்று மட்டும் எப்படியோ தென்னாப்பிரிக்காவில் கிடக்கிறது. ஆசியாவில் வால்சிறகுப் பட்டாம்பூச்சிகளைப் போல வேடமிடும் எபிகோபியா பூச்சிகளுக்கும் காதில்லை. அவற்றை வேறொரு பெருங்குடும்பத்தில் வைத்திருந்தார்கள். டிஎன்ஏ ஆய்வுகள் யுரேனிடேவின் பக்கமே திருப்பி அனுப்பின. 2015இல் தாய்லாந்துப் பூச்சி ஒன்றுக்காகச் சூடோபிஸ்டோனிடே என்ற புதுக் குடும்பமே இந்தச் சுற்றத்தில் சேர்ந்தது. இவர்கள் எல்லோருக்கும் பெரிய வீட்டு உறவு ஜியோமெட்ரிடே: வில்லாய் வளைந்து நிலத்தை அளப்பதுபோல் நகரும் புழுக்களின் குடும்பம், இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள். யுரேனிடே புழுக்கள் அப்படி நடப்பதில்லை. வயிற்றுக் கால்கள் முழுதும் இருப்பதால் சாதாரணமாக ஊர்ந்தே போகும்.

இந்த ஜியோமெட்ரிடேயில் இருந்துதான் எதிர்ப்பக்கக் கூத்து ஒன்று நடந்தது. அமெரிக்கக் காடுகளின் ஹெடிலிடே பூச்சிகள் மெலிந்தவை, மங்கலானவை, இரவில் பறப்பவை. யார் பார்த்தாலும் அந்துப்பூச்சி. 1986இல் மால்கம் ஸ்கோபிள் அவை பட்டாம்பூச்சிகளே என்று எழுதினார். பின்வந்த டிஎன்ஏ ஆய்வுகளும் அவர் பக்கம் நின்றன. ஆக, பகலில் மின்னும் அந்துப்பூச்சி ஒன்று பட்டாம்பூச்சிப் பட்டியலிலும், இரவில் திரியும் பட்டாம்பூச்சி ஒன்று அந்துப்பூச்சிப் பட்டியலிலும் உட்கார்ந்திருந்த காலங்கள் இருந்திருக்கின்றன.

காதை விட்டு இனி நாக்குக்கு வரலாம். யுரேனினே என்ற முதன்மைத் துணைக்குடும்பத்தின் புழுக்கள் ஆமணக்குக் குடும்பத்துச் செடிகளைத்தான் தின்கின்றன. அதிலும் கண்ட செடியை அல்ல. டேவிட் லீஸும் நீல் ஸ்மித்தும் 1991இல் எழுதிய ஆய்வுரை இதைத் தொகுத்துக் காட்டியது. பகலில் பறக்கும் மூன்று பேரினங்கள்: அமெரிக்காவில் யுரேனியா, மடகாஸ்கரிலும் கிழக்காப்பிரிக்காவிலும் கிரைசிரிடியா, நியூகினி, ஆஸ்திரேலியா பக்கம் அல்சைடிஸ். மூன்றின் புழுக்களுக்கும் ஓம்ஃபாலியா என்ற ஒரே செடிப் பேரினம்தான் சாப்பாடு. இரவில் பறக்கும் லிஸ்ஸாவும் யுரேப்டிராய்டிஸும் எண்டோஸ்பெர்மம் என்ற மரத்தைத் தின்பவை. லிஸ்ஸா மட்டும் ஓம்ஃபாலியாவையும் தொடும். மூன்று கண்டங்களில், பெருங்கடல்களுக்கு அப்பாலும் இப்பாலுமாக, ஒரே செடியைத் தேடிக் கண்டுபிடிக்கும் இந்தப் புழுக்களைவிடத் தேர்ந்த தாவரவியலார் அமைவது கடினம்.

ஓம்ஃபாலியாவும் சும்மா இருக்கவில்லை. அதன் இலையைக் கிள்ளினால் பிசுபிசுப்பான சாறு கசியும். மடகாஸ்கர் பூச்சியின் இளம்புழுக்கள் முதல் இரண்டு பருவங்களில் நரம்புகளைத் தவிர்த்து இடைப்பட்ட சதையை மட்டும் சுரண்டித் தின்னும். சாறு வாயில் ஒட்டிக்கொண்டால் அதோடு கதை முடிந்தது. வளர்ந்தபின் இலை, பூ, பிஞ்சு, தண்டு என எதையும் விடாது. கீழே விழுந்தால் பட்டு நூலைப் பிடித்து மேலேறும். இலையில் இருக்கும் நஞ்சு, சர்க்கரையைப் போல உருவெடுத்துச் செரிமான நொதிகளை முடக்கும் ஒருவகை ஆல்கலாய்டு. புழு அதைச் செரித்து ஒழிப்பதில்லை. உடலில் சேர்த்துவைத்து, சிறகு முளைத்த பிறகும் சுமந்து திரிகிறது. வெயிலில் இவ்வளவு பகட்டாகப் பறக்கும் துணிச்சல் இந்தச் சரக்கிலிருந்து வருவது. கரும்புள்ளி வைத்த வெளிர்மஞ்சள் புழுவும் ஒளிய முயல்வதில்லை.

செடியின் நஞ்சுக்கும் பூச்சியின் பயணத்துக்கும் முடிச்சுப் போட்டவர் பனாமாவில் ஸ்மித்சோனியன் வெப்பமண்டல ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய அதே நீல் ஸ்மித். மத்திய அமெரிக்காவின் யுரேனியா ஃபல்ஜென்ஸ் சில ஆண்டுகளில் ஆயிரமாயிரமாகத் திரண்டு, பகல் முழுக்க ஒரே திசையில் பறக்கும். காடு, மலை, நகரம், கடல் எதற்கும் நிற்காது. சில ஆண்டுகளில் ஒன்றும் நடக்காது. பட்டினியே காரணமென்றால் இலை மிச்சமிருக்கும்போது ஏன் கிளம்புகின்றன? ஸ்மித் சொன்ன விடை இது: புழுக்கள் தலைமுறை தலைமுறையாக மேய்ந்த ஓம்ஃபாலியா கொடி நஞ்சைக் கூட்டிக்கொள்கிறது, இலை இருக்கும், தின்ன முடியாது. மேயப்படாத கொடி இருக்கும் இடத்தைத் தேடிப் பூச்சிகள் புறப்படுகின்றன. ராபர்ட் டட்லியும் கூட்டாளிகளும் பனாமா கால்வாயின் கட்டூன் ஏரியில் படகில் விரட்டிப் போய் இவற்றின் வேகத்தையும் உடலில் சேர்ந்த கொழுப்பையும் அளந்தார்கள். ஆராய்ச்சி என்றால் சிலருக்கு இப்படியும் வாய்க்கிறது.

மடகாஸ்கரில் இதே நாடகம் தீவுக்குள்ளேயே நடக்கிறது. அங்குள்ள நான்கு ஓம்ஃபாலியா இனங்களில் மூன்று மேற்கின் வறண்ட காடுகளில்; அவை இலையுதிர்ப்பவை. கிழக்கின் மழைக்காட்டில் வாழும் நான்காவது மட்டும் ஆண்டு முழுதும் பசுமை. பூச்சிகள் மேற்கும் கிழக்குமாக இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன. வழியில் மா, தேயிலை, லிச்சி, நம் தெருவோர நாட்டு வாதுமை என்று வெண்பூ எதுவானாலும் தேன் குடிக்கும்.

அந்தத் தீவு மக்கள் இவற்றை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதும் சொல்லத்தக்கது. மலகாசி மொழியில் ‘லோலோ’ என்றால் பட்டாம்பூச்சி. ஆவி என்றும் அதே சொல்லுக்குப் பொருள். பெரிய சிறகுப் பூச்சிகளுக்கு உயர்குலத்து ஆவி என்ற பொருளில் ‘அட்ரியாண்டோலோ’ என்று பெயர். இறந்த முன்னோர் இந்த உருவில் வருவதாக நம்பிக்கை. ஆகவே அடிப்பது பாவம். இதே சிறகு விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் நகைகளில் பதிக்கப்பட்டது.

நகை செய்தவர்களைக் குற்றம் சொன்னாலும் அவர்கள் கண்ணைக் குற்றம் சொல்ல முடியாது. அந்தச் சிறகின் பச்சையும் செம்மையும் சாயத்தால் வந்தவை அல்ல. செதில் ஒவ்வொன்றுக்குள்ளும் மெல்லிய தகடுகளும் இடையில் காற்றும் அடுக்கடுக்காக இருக்கின்றன. அடுக்கின் தடிமனுக்கேற்ப ஒளியின் ஒரு நிறம் வலுத்துத் திரும்பும். இதுவரை மயிலிறகிலும் பொன்வண்டிலும் காணும் கதைதான். இந்தப் பூச்சியின் தனித்தன்மை அதன் செதில் வளைந்திருப்பது. ஒசாகா பல்கலைக்கழகத்தின் யோஷியோகாவும் கினோஷிடாவும் 2007இல் இதை விளக்கினார்கள்: செதிலின் முகட்டில் படும் ஒளி நேரே திரும்புகிறது, சரிவில் படும் ஒளி பக்கத்துச் செதிலுக்குத் தாவி, அங்கே மறுபடி பட்டுத் திரும்புகிறது. இரண்டுக்கும் நிறம் வேறு. இரண்டும் கலந்து நம் கண்ணில் ஒன்றாய் விழுகின்றன. இவ்வளவு நுணுக்கமாக வேலை செய்த இயற்கை, இடமும் வலமும் ஒத்துப்போகவேண்டும் என்று கவலைப்படவில்லை. பல பூச்சிகளில் இரு பக்கக் கோலமும் சற்றே மாறியிருக்கும்.

அந்துப்பூச்சியைப் பட்டாம்பூச்சி என்று மனிதர் நினைத்தது இருக்கட்டும். நியூகினிக் காட்டில் ஒரு பட்டாம்பூச்சி அந்துப்பூச்சியாக வேடம் போடுகிறது. பபிலியோ லக்லைசே என்ற வால்சிறகுப் பட்டாம்பூச்சியின் நிறமும் பட்டையும் அங்கே பறக்கும் அல்சைடிஸ் அந்துப்பூச்சியை அப்படியே ஒத்தவை. அந்த அந்துப்பூச்சியின் வயிறு செம்மஞ்சள். பட்டாம்பூச்சியின் வயிறு அப்படியில்லை. அதனால் பின்சிறகின் அடிப்புறத்தில், உடலை ஒட்டிய ஓரத்தில், ஒரு செம்மஞ்சள் திட்டு. கீழிருந்து பார்க்கும் பறவைக்கு அதே வயிறு. டுரூரி பெயரிட்ட பிழைக்கு இயற்கை நூலிலேயே ஓர் அடிக்குறிப்பு இருந்திருக்கிறது.

நிலப்படத்தை விரித்தால் மற்றொரு முடிச்சு. மடகாஸ்கர் கிரைசிரிடியாவுக்கு மிக நெருங்கிய உறவு ஆசியாவில் இல்லை. அட்லாண்டிக்குக்கு அப்பால் அமெரிக்க யுரேனியாவே அதன் உடன்பிறப்பு. மடகாஸ்கரின் மலைப்பாம்பு போன்ற போவாக்களுக்கும் அமெரிக்காவோடு இப்படி ஓர் உறவு பேசப்படுவதுண்டு. ஆசிய, ஆஸ்திரேலியப் பக்கத்து அல்சைடிஸும் லிஸ்ஸாவும் யுரேப்டிராய்டிஸும் தனிக் கிளை.

நம் பக்கத்தில் யுரேனினே துணைக்குடும்பத்தின் பெரிய உருவத்தைக் காண ஆசைப்படுபவர் வடகிழக்கிந்தியாவுக்கோ அந்தமானுக்கோ போகவேண்டும். சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு அந்தச் சிரமமும் இல்லை. லிஸ்ஸா ஸாம்பா, பழுப்புச் சிறகில் வெண்பட்டை ஓடும், விரித்த கை அகலப் பூச்சி. 2014ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அது தீவெங்கும் வந்து இறங்கியது. அடுக்குமாடி நடைபாதை விளக்கடியிலும் கடைச் சுவரிலும் ஒட்டிக்கொண்டிருந்ததைக் கண்டு பயந்தவர்களும் உண்டு, படமெடுத்துக் குவித்தவர்களும் உண்டு. அது கடிப்பதில்லை, கொட்டுவதில்லை. அதன் புழு தின்னும் எண்டோஸ்பெர்மம் மரம் அப்பகுதிக் காட்டுக்கே உரியது.

ஜமைக்காவில் அந்த வாய்ப்பு தீர்ந்துபோனது. யுரேனியா ஸ்லோவானஸ் அத்தீவுக்கு மட்டுமே உரிய பகலாடி. கருமை, பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் கொண்ட அதற்கு 1779இல் கிராமர் பெயரிட்டார். 1890களின் நடுவில், 1894இலோ 1895இலோ, கடைசியாகப் பார்த்ததாகப் பதிவு. காடு வெட்டி விளைநிலமாகியதில் அதன் ஓம்ஃபாலியா செடிகள் துண்டுதுண்டாகச் சிதறியதே காரணம் என்று கருதப்படுகிறது. ஒரு செடி நஞ்சேறினால் மற்றொன்றுக்குப் போய்ப் பிழைக்கும் பூச்சிக்கு, போக மற்றொன்று இல்லாமல் போனது. 2016இல் அருங்காட்சியகப் பெட்டிகளில் நூற்றாண்டுக்கும் மேலாகக் குத்தி வைக்கப்பட்டிருந்த சில பூச்சிகளிலிருந்து டிஎன்ஏ எடுத்துப் படித்தார்கள். பெருநிலத்து யுரேனியாக்களுக்கு நெருங்கிய, ஆனால் தனியான ஓர் இனம் அது என்று உறுதிப்பட்டது. வகைப்பாட்டில் அதன் இடம் சரியாகிவிட்டது. ஜமைக்காக் காட்டில் அந்த இடம் காலியாகி நூற்றிருபது ஆண்டுகள் ஆகியிருந்தன.